காலர்: ஆட்டத்துக்கு அடியெடுத்துக் கொடுப்பவர்

காலர் என்றதும் நமக்குச் சட்டைக் காலர் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் போனில் ஒலிக்கும் காலர் டியூன். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஊர்களில் கான்ட்ரா என்னும் கூட்டு நடனம் ஆடப் போகிறவர்களுக்குக் காலர் வேறு ஆள். மேடையில் மைக்குடன் நின்று, அடுத்து என்ன ஆட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்.

முதலில் கான்ட்ரா. இரண்டு வரிசை எதிரெதிராக நிற்பதால் 'எதிர்' என்ற பொருளில் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மைக் கதை கொஞ்சம் கோணல். இங்கிலாந்தின் 'கன்ட்ரி டான்ஸ்' பிரான்சுக்குப் போனபோது அங்குள்ளவர்கள் காதில் 'கோந்த்ர்தான்ஸ்' என்று விழுந்தது. பிரெஞ்சில் 'கோந்த்ர்' என்றால் எதிர். அர்த்தமும் பொருந்திப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. கான்ட்ரா அதன் சுருக்கம். 1651இல் ஜான் பிளேஃபோர்ட் லண்டனில் வெளியிட்ட ஆட்டத் தொகுப்பில் இதன் முன்னோர்களைப் பார்க்கலாம்.

அடுத்து காலர். அதிலுள்ள 'கால்' (call) என்ற ஆங்கிலச் சொல், ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் 'கல்லா'விலிருந்து வந்தது. உரக்கக் கூவுவது என்று பொருள். முற்காலத்தில் கூவுபவரும் வாசிப்பவரும் பல இடங்களில் ஒரே ஆள்தான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கருப்பின ஃபிடில் (வயலின்) கலைஞர்கள் பலர் வில்லை இழுத்தபடியே ஆட்டத்தையும் சொன்னார்கள். நியூ இங்கிலாந்தில் காலருக்கு 'பிராம்ப்டர்' என்றொரு பழைய பெயரும் உண்டு. நாடகத்தில் நடிகருக்கு வசனம் மறந்தால் மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பாரே, அவருக்கும் அதே பெயர்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'அழைப்பாளர்' என்றால் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்பவர் போல இருக்கிறது. 'அறிவிப்பாளர்' வானொலிக்காரர். நட்டுவனார் கிட்டத்தட்ட வருகிறார். ஆனால் அவர் சொல்லும் சொற்கட்டு இசையோடு சேர்ந்தது. ஆடுபவரும் பல வருடம் பயின்றவர். கான்ட்ராவில் அன்று மாலைதான் முதன்முறை வந்தவரும் வரிசையில் நிற்பார்.

என் தேர்வு 'அடியெடுத்துக் கொடுப்பவர்'. சேக்கிழாருக்கு இறைவன் 'உலகெலாம்' என்று அடியெடுத்துக் கொடுத்தார் என்பது மரபு. முதல் சொல் அவருடையது, மீதி பாடியவருடையது. அடி என்பது பாட்டுக்கும் உண்டு, காலுக்கும் உண்டு. பெயர் நீளம்தான், இருக்கட்டும்.

வேலையைப் பார்த்தால் பொருத்தம் புரியும். மெட்டில் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிப்பார்கள். பகுதிக்கு 16 தட்டு வீதம் ஒரு சுற்றுக்கு 64 தட்டு. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 115 முதல் 120 தட்டு என்பதால் சுற்று அரை நிமிடத்தில் முடிந்துவிடும். காலர் தலையசைத்ததும் ஃபிடில்காரர் 'நான்கு உருளைக்கிழங்கு' போடுவார்: மெட்டுக்கு முன் வில்லால் நான்கு முறை தாளமாக இழுப்பதற்கு அப்படித்தான் பெயர். வேகம் எது, எங்கே கால் வைப்பது என்று அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அப்புறம் நேரம். 'நெய்பர், பேலன்ஸ் அண்ட் ஸ்விங்' (பக்கத்து ஜோடியில் உள்ளவரோடு முன்னும் பின்னும் அடிவைத்து, பிறகு சேர்ந்து சுழல்வது) என்பதை அந்த அசைவு தொடங்கும் தட்டில் சொன்னால் கெட்டது. முந்தைய அசைவின் கடைசி நான்கு தட்டுக்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். அப்போதுதான் கால் முதல் தட்டில் இறங்கும். அதனால் காலர் எப்போதும் இசைக்கு ஒரு மூச்சு முன்னால் இருப்பார். மெட்டுத் தேர்விலும் காலரும் இசைக்காரர்களும் பேசிக்கொள்வது உண்டு. பேலன்ஸ் வரும் இடத்தில் மெட்டு அழுத்தி மிதிக்க வேண்டும். எட்டு வடிவில் வளைந்து போகும் 'ஹே'வுக்கு வழுக்கிக்கொண்டு ஓடும் மெட்டு.

சில சுற்றுகளில் ஆட்டம் உடம்பில் ஏறிவிடும். காலர் சொற்களைக் குறைத்து, ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொள்வார். இப்போது அரங்கம் இசைக்காரர்களுடையது. கை ஓயாத ஃபிடில்காரர் ஒரு காலைத் தூக்கிக் காட்டி, அடுத்த மெட்டுக்கு மாறலாம் என்று கூட இருப்பவர்களுக்குச் சொல்வார். காலரின் கண் வரிசையின் மேல்தான். போதும் என்று தோன்றியதும் பக்கவாட்டில் திரும்பி, இன்னும் எத்தனை சுற்று என்று விரலால் காட்டுவார். மூன்று. இரண்டு. ஒன்று.