கிராஃபிட்டி: சுவரில் கீறியவர்களுக்குத் தமிழில் ஒரு சொல்

"சுவரே, நீ இன்னும் இடிந்து விழாமல் நிற்பதுதான் எனக்கு வியப்பு. எத்தனை பேர் எழுதிய தொல்லையைத் தாங்கிக்கொண்டிருக்கிறாய்!"

பண்டைய ரோமானியரின் பொம்பேய் நகரத்துச் சுவரில் யாரோ லத்தீனில் எழுதி வைத்த ஈரடிப் பாட்டு இது. ஒரே ஒரு சுவரில் மட்டும் அல்ல. வழக்காடும் மண்டபத்தில், நாடக அரங்கில், வாட்போர் அரங்கில் என்று வெவ்வேறு இடங்களில் கிடைத்திருக்கிறது. ஊரில் வாய்க்கு வாய் புழங்கிய பாட்டாக இருந்திருக்க வேண்டும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஊரே சாம்பலுக்குள் புதைந்ததால்தான் அந்தச் சுவர்களும் எழுத்துகளும் நமக்கு மிஞ்சின.

சரி, இந்த எழுத்தைத் தமிழில் என்னவென்று சொல்வது? ரோம வரலாறு பற்றி வரும் புதிய நூல்களையும் அகழாய்வுச் செய்திகளையும் படித்துத் தமிழில் குறிப்பெடுக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிற இடம் இதுதான். 'கல்வெட்டு' என்று எழுதினால் அங்கே கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. சுண்ணச்சாந்துப் பூச்சின் மேல் முடியளவு ஆழத்தில் இழுத்த கோடுகள் அவை. 'கிறுக்கல்' என்றால் பொருளற்றது என்று ஆகிவிடுகிறது. 'சுவரெழுத்து' என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் வருவது வேறொன்று. எதுவும் பொருந்தாமல் கடைசியில் 'கிராஃபிட்டி' என்றே எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

அந்தச் சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் வழி கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இன்று கிராஃபிட்டி என்றால் வண்ணப் புட்டியைப் பீய்ச்சி ரயில் பெட்டியிலும் பாலத்தடியிலும் எழுதுவதைத்தான் பெரும்பாலோர் நினைப்பார்கள். அது 1960களின் இறுதியிலும் 1970களிலும் பிலடெல்ஃபியா, நியூயார்க் நகரங்களில் பரவிய பழக்கத்தோடு ஒட்டிய பொருள். சொல் அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்தியது, அது தொல்லியலின் சொல். இத்தாலிய மொழியில் 'கிராஃபியாரே' என்றால் நகத்தாலோ கூர்மையான ஒன்றாலோ கீறுவது. பூனை பிறாண்டுவதற்கும் அதே வினைதான். அதிலிருந்து 'கிராஃபிட்டோ', கீறப்பட்ட ஒன்று. அதன் பன்மை 'கிராஃபிட்டி'. பொம்பேய்ச் சுவர்களில் இருந்தவற்றைப் படியெடுத்து 1850களில் நூலாக வெளியிட்டார் ரஃபாயேலே கர்ருச்சி என்ற பாதிரியார். நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்தார். அதன் பிறகு ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் அறிஞர்களிடையே அது நிலைத்துவிட்டது. அந்த வகையில் பார்த்தால் நாம் 'கிராஃபிட்டிகள்' என்று எழுதுவது பன்மைக்கு மேல் பன்மை. அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன், கடன் வாங்கிய சொல் நம் இலக்கணத்துக்குள் வந்துதான் வாழ வேண்டும்.

இன்னும் ஒரு படி கீழே போனால் கிரேக்கம். 'கிராஃபைன்' என்ற வினைக்கு எழுதுதல், வரைதல் என்று பொருள். அதன் மூத்த பொருள் கீறுதல். கீறிய கீற்றுத்தான் பிறகு எழுத்தாகவும் படமாகவும் ஆனது. இந்தப் பொருள் வளர்ச்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ரோமானியர் அன்றாடக் கணக்கையும் கடிதத்தையும் எழுதியது மெழுகு பூசிய மரப்பலகையில். அதற்கு ஒரு கூரான எழுத்தாணி இருந்தது. லத்தீனில் அதற்கு 'ஸ்டிலுஸ்' என்று பெயர், கிரேக்க வழியில் வந்த 'கிராஃபியும்' என்ற பெயரும் உண்டு. பலகையில் எழுதுகிற அதே ஆணி சுவரிலும் எழுதும். கையில் எழுத்தாணி இருக்கிறது, முன்னால் சுவர் இருக்கிறது, மனத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது, அவ்வளவுதான் வேண்டும். நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, மேலே கரியோ மஞ்சளோ தடவி எழுத்தைத் துலங்க வைத்தவர்கள் நாம். நம்மிடமும் எழுதுவது என்பது நூற்றாண்டுகளாகக் கீறுவதாகத்தான் இருந்தது.

பொம்பேய்க்காரர்கள் என்னதான் எழுதினார்கள்? காதலிக்கு வாழ்த்து, எதிரிக்கு வசை, கடன் கணக்கு, பிடித்த வாட்போர் வீரரின் வெற்றி எண்ணிக்கை, 'இன்னார் இங்கே வந்தார்' என்ற வரி, அகரவரிசை பழகிய குழந்தையின் எழுத்து. ரோமின் பெருங்கவிஞர் வெர்ஜிலின் காவிய முதலடி அங்கங்கே கீறப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டு முகப்பில் அதையே ஒருவர் மாற்றி, ஆயுதங்களையும் வீரனையும் அல்ல, துணி வெளுப்பவர்களையும் ஆந்தையையும் பாடுகிறேன் என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் துணி வெளுப்பவர் சங்கத்துக்கு ஆந்தை அடையாளம். கிறிஸ்டினா மில்னர் 2014இல் எழுதிய நூல் இப்படிப்பட்ட வரிகளை இலக்கியத்தின் பகுதியாகவே வைத்துப் படிக்கிறது. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கும். வெர்ஜிலைத் தெரிந்தவர்தான் வெர்ஜிலை இப்படித் திருப்பிப்போட முடியும். இதைக் 'கிறுக்கல்' என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு அதுவே காரணம்.

இனிச் 'சுவரெழுத்து'. பொம்பேய்ச் சுவர்களில் கீறியவை மட்டும் இல்லை. தூரிகையால், சிவப்பிலும் கறுப்பிலும், பெரிய எழுத்தில் எழுதியவையும் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலும் தேர்தல் அறிவிப்புகள். ஒவ்வோர் ஆண்டும் ஊருக்கு நான்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவையும் சந்தையையும் பார்த்துக்கொள்ள இருவர், அவர்களுக்கு மேலே வழக்கும் நிர்வாகமும் பார்க்க இருவர். 'இன்னாரைத் தேர்ந்தெடுக்குமாறு வேண்டுகிறேன்' என்ற வாசகத்தை மூன்றே எழுத்தாகச் சுருக்கி எழுதுவார்கள், அவ்வளவு பழகிப்போன வாசகம். பழ வியாபாரிகள் ஆதரவு, கோவேறு கழுதை ஓட்டுவோர் ஆதரவு, பொற்கொல்லர் ஆதரவு என்று கூடவே வரும். வாட்டியா என்ற வேட்பாளருக்கு 'இரவு நெடுநேரம் குடிப்போர் அனைவரும்' ஆதரவு தருவதாக ஓர் அறிவிப்பு. எதிரணியின் வேலையாக இருக்கலாம்.

இந்த வேலைக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். முதலில் ஒருவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார், பிறகு எழுதுபவர் எழுதுவார், ஏணி பிடிக்க ஒருவர், விளக்குப் பிடிக்க ஒருவர். 'விளக்குக்காரா, ஏணியைப் பிடி' என்று ஒரு சுவரில் இருக்கிறது. வாட்போர்க் காட்சிக்கான விளம்பரம் ஒன்றின் ஓரத்தில் எமிலியுஸ் கெலர் என்பவர், நிலவொளியில் தனி ஆளாக எழுதினேன் என்று கையொப்பம் போட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் தேர்தலுக்கு முன் வெள்ளையடித்து, இடம் பிடித்து, இரவோடு இரவாகச் சின்னம் வரைந்தவர்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்த வரி நேராக நெஞ்சுக்குள் போகும்.

அறிஞர்கள் இந்த வண்ண எழுத்துகளுக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: 'டிபின்டி', அதாவது தீட்டியவை. இதற்குத்தான் 'சுவரெழுத்து' என்ற நம் சொல் அச்சாகப் பொருந்துகிறது. கூலிக்கு, பலர் பார்க்க, பெரிதாக எழுதுவது. கிராஃபிட்டோவோ ஒருவர் தன் கையில் இருந்ததைக் கொண்டு, அருகில் நின்று படிப்பவருக்காக, சின்னதாக எழுதியது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டால் அந்த நகரத்தின் பாதி உயிர் தொலைந்துபோகும்.

அப்படியானால் கிராஃபிட்டோவுக்கு? தமிழில் ஒரு பரப்பின் மேல் கருவி என்ன ஆழம் போகிறது என்பதைச் சொல்ல வரிசையாக வினைகள் இருக்கின்றன. வெட்டு, செதுக்கு, பொறி, கீறு. கல்வெட்டு அரசனின் ஆணையையும் கோயில் கொடையையும் தாங்குவது, ஆழமானது, அழியக்கூடாது என்று செய்தது. கீறல் மேலோட்டமானது, நின்றால் நிற்கட்டும் என்று செய்தது. மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே வேரில் இதே பொருளில் வினை உண்டு. நிலாக்கீற்று, தென்னங்கீற்று, நெற்றியில் இட்ட திருநீற்றுக் கீற்று எல்லாம் இதன் பிள்ளைகள்.

நம் தொல்லியலாளர்கள் ஏற்கெனவே இதைப் புழங்குகிறார்கள். கீழடியிலும் கொற்கையிலும் கொடுமணலிலும் பானை ஓடுகளில் கிடைப்பவற்றைக் 'கீறல்கள்', 'கீறல் குறியீடுகள்' என்கிறார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட, கா.ராஜனும் இரா.சிவானந்தமும் எழுதிய நூல், இந்தக் குறியீடுகளைச் சிந்துவெளிக் குறியீடுகளோடு உருவ அளவில் ஒப்பிடுகிறது. அதன் ஆங்கிலத் தலைப்பிலும் 'கிராஃபிட்டி' என்ற சொல் இருக்கிறது. இங்கே ஒரு கவனம் வேண்டும். பானைக் குறியீட்டை நம்மால் வாசிக்க முடிவதில்லை, பொம்பேய்க் கீறலை வாசிக்க முடிகிறது. வாசிக்கக் கூடியதைக் 'கீறலெழுத்து' என்றும், குறியைக் 'கீறல் குறியீடு' என்றும், படத்தைக் 'கீறலோவியம்' என்றும் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

கீறலெழுத்துக்கு ரோமப் பேரரசின் உள்ளேயே தமிழ்ச் சான்றும் இருக்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில், அன்று ரோம் ஆண்ட துறைமுகங்களில், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. பெரனிகேயில் 1995இல் கிடைத்த ஓட்டில் கொற்றபூமான் என்ற பெயர். குசேர் அல்-கதீமில் கணன், சாதன் என்ற பெயர்கள். அதே துறைமுகத்தில் பின்னர் கிடைத்த உடைந்த சாடி ஒன்றில் 'பானை ஒறி' என்று இரண்டு இடத்தில். உறியில் தொங்கும் பானை என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் விளக்கினார். மன்னன் பெயர் இல்லை, போர் இல்லை. ஒரு பாத்திரம், அது எதற்கு என்ற ஒரு சொல். பொம்பேய்ச் சுவரில் எழுதியவர்களும் இவர்களும் ஒரே வகை மனிதர்கள், ஒரே வகை எழுத்து.

இந்த இடத்தில் எனக்கே ஒரு தடை எழுந்தது. கிராஃபிட்டி எல்லாமே கீறியவை அல்ல. கரியால் எழுதியவற்றையும் ஆய்வாளர்கள் அந்தப் பெயரில்தான் சேர்க்கிறார்கள். அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்பட்ட பொம்பேய் எழுத்தே கரியெழுத்துதான். 2018இல், தோட்டமுள்ள வீடு என்று பெயரிட்ட ஒரு வீட்டில், வேலை நடந்துகொண்டிருந்த அறைச் சுவரில் கரியால் எழுதிய ஒரு வரி வெளிப்பட்டது. அதில் நாள் இருந்தது: நவம்பர் முதல் நாளுக்குப் 'பதினாறு நாள் முன்'. ரோமானியர் இரு முனை நாட்களையும் சேர்த்து எண்ணுவார்கள் என்பதால் அது அக்டோபர் 17. வெடிப்பைக் கண்ட ரோமானியர் பிளினி எழுதிய கடிதத்தின் பிரதிகளை வைத்து எரிமலை ஆகஸ்ட் 24இல் வெடித்தது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். கரி சீக்கிரம் உதிர்ந்துவிடும், ஆகவே இது வெடிப்புக்குச் சில நாள் முன் எழுதியதே என்று ஒரு தரப்பு. வரியில் ஆண்டு இல்லையே, முந்தைய ஆண்டின் அக்டோபராக ஏன் இருக்கக்கூடாது என்று மறு தரப்பு. வாதம் முடியவில்லை. பெயர் தெரியாத ஒருவர் கரித்துண்டால் போட்ட நாள் குறிப்பு, நூல்கள் சொன்ன தேதியையே அசைத்துப் பார்க்கிறது.

கரியால் எழுதியதைக் கீறல் என்று சொல்லலாமா? இத்தாலியச் சொல்லும் இதே இடத்தில் தன் பொருளை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது. ஆனால் தமிழ் நீட்ட வேண்டிய தேவையே இல்லை, அது முன்பே நீண்டுவிட்டது. ஈழத்தமிழில் படம் வரைவதைப் 'படம் கீறுவது' என்றுதான் சொல்வார்கள். பென்சிலால் கீறலாம், வண்ணத்தால் கீறலாம், கோடு கீறலாம். கிரேக்க 'கிராஃபைன்' கீறுதலில் தொடங்கி வரைதலுக்குப் போனது போலவே தமிழ்க் 'கீறு'ம் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த வினை காயத்துக்கும் கார்க் கதவுக்கும் சுருங்கிவிட்டதால் நமக்குத்தான் கண்ணில் படவில்லை. ஈழத்து வழக்கை எடுத்துக்கொண்டால் ஆணியால் இழுத்ததும் கரியால் இழுத்ததும் ஒரே சொல்லுக்குள் இயல்பாக அடங்கும்.

2024இல் பொம்பேயின் ஒரு குடியிருப்புப் பகுதியில், சின்ன முற்றம் ஒன்றின் சுவரில், குழந்தைகள் கரியால் வரைந்த படங்கள் வெளிப்பட்டன. வாட்போர் வீரர்கள், வேட்டைக்காரர்கள். தலையிலிருந்தே கையும் காலும் முளைக்கிற மாதிரி, ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் எங்கும் வரைவது போல. பக்கத்தில் சின்னக் கையைச் சுவரில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்த தடமும் இருந்தது. அந்தப் புகைப்படத்தை யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது காட்டி இது என்ன என்று கேட்டால், அகராதி எதையும் பார்க்காமலே பதில் வரும்: "ஆரோ சின்னப்பிள்ளையள் கீறின படம்."