மைக் என்றால் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி அல்ல

போன தை மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் மணிவிழா, சாயங்காலம் வீணைக் கச்சேரி. மைக்செட்காரனான எனக்கு, ஏற்பாடு செய்தவர்கள் தாளில் முறையாக எழுதி அனுப்பியிருந்தார்கள்: "தரமான ஒலிபெருக்கி இரண்டு." வளவில் நூறு பேர் உட்காருவார்கள், இரண்டு பெட்டி ஸ்பீக்கர் தாராளம் என்று நல்லதாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு போனேன். போனால் அங்கே ஏற்கெனவே ஸ்பீக்கர் நிற்கிறது. அவர்கள் கேட்டது வீணைக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று என்று இரண்டு மைக்காம்! வண்டியில் பேச்சுக்காகக் கிடந்த ஒரே மைக்கை வீணைக் குடத்துக்கு முன்னால் வைத்து ஒப்பேற்றினேன். அந்த மைக் வீணைக்கு ஆகாது. கச்சேரி முடிந்ததும் வீட்டு ஆச்சி சொன்னார்: "மிருதங்கந்தானப்பா கேட்டுச்சு, வீணையக் காணமே." அன்றைக்கே இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் 'மிக்ரோஸ்' என்றால் சிறியது, 'ஃபோனே' என்றால் குரல், ஒலி. 1827இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், மெல்லிய ஓசைகளைக் காதுக்கு எட்டச் செய்ய ஒரு கருவி செய்து அதற்கு மைக்ரோஃபோன் என்று பெயர் வைத்தார். அதில் மின்சாரம் கிடையாது. 1878இல் டேவிட் ஹியூஸ் மின்சாரத்தில் இயங்கும் கருவியைக் காட்டி அதே பெயரைச் சொன்னார். ஈ நடக்கிற ஓசைகூட அதில் கேட்கும் என்று அப்போது வியந்தார்கள்.

ஒலிபெருக்கி என்பவர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். சின்ன ஒலியைப் பெரிதாக்குவது என்றுதானே மூலத்திலேயே பொருள், அப்படியானால் ஒலிபெருக்கி சரிதானே என்கிறார்கள். சரி, ஒரு பங்கு ஒப்புக்கொள்கிறேன். பழைய டெலிபோனில் இருந்த கரித்தூள் மைக், பேட்டரி மின்சாரத்தைக் குரலுக்கு ஏற்ப ஏற்றி இறக்கியதால் உண்மையிலேயே பெருக்கத்தான் செய்தது. அந்தக் காலத்தில் யாராவது பெருக்கி என்று சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் இன்று கச்சேரி மேடையில் எவரும் கரித்தூள் மைக் வைப்பதில்லை. 1966 முதல் உலகம் முழுக்க மேடைகளில் நிற்கும் ஷூர் எஸ்எம்58 மைக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சற்றுத் தள்ளி நின்று உரக்கப் பேசினால் அது தருவது 2 மில்லிவோல்ட் அளவுதான். சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் பேட்டரி 1.5 வோல்ட், அதில் எண்ணூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு மெலிந்த மின்சாரத்தைத் தரும் பொருளைப் பெருக்கி என்றால், அதை வாங்கி ஆயிரக்கணக்கான மடங்கு ஏற்றும் ஆம்ப்ளிஃபயரை என்னவென்று அழைப்பது? அந்த மின்சாரத்தைத் திரும்ப ஒலியாக்கிக் கோயில் வாசலில் முழங்கும் குழாய்க்கு என்ன பெயர்?

இன்னொரு வாதமும் கேட்டிருக்கிறேன். சுருள் மைக்கின் உள்ளேயும் ஸ்பீக்கரின் உள்ளேயும் இருப்பது ஒன்றுதானே: ஒரு சவ்வு, ஒரு கம்பிச் சுருள், ஒரு காந்தம். உண்மைதான். ஹெட்ஃபோனை மைக் துளையில் செருகிப் பேசினால் பதிவாகும், நானே செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் செய்யும் வேலை எதிரெதிர். ஒன்றில் ஒலி போய் மின்சாரம் வருகிறது, மற்றதில் மின்சாரம் போய் ஒலி வருகிறது. வேலையை வைத்துத்தான் கருவிக்குப் பெயர்.

குழப்பம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். மைக் ஸ்பீக்கரைப் பார்த்து நின்றால் கத்தும். ஸ்பீக்கரில் வந்தது மைக்கில் புகுந்து, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி ஏறுவதால் வரும் கூச்சல் அது. இதை ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். "ஒலிபெருக்கியை ஒலிபெருக்கிக்கு நேரே வைக்காதே" என்றா சொல்வது?

ஒலிவாங்கி என்று சொன்னால் இந்தத் தொல்லையே இல்லை. இலங்கைத் தமிழர்கள் இதை எப்போதோ பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 'வாங்கு' வறட்டுச் சொல்லும் அல்ல. கடல் உள்வாங்கியது என்கிறோம், பழைய அரிசி தண்ணீர் நிறைய வாங்கும் என்கிறோம், பதம் தப்பினால் வெள்ளைப்பணியாரம் எண்ணெய் வாங்கிவிடும் என்கிறோம். வெளியில் இருப்பதை உள்ளே எடுத்துக்கொள்வது வாங்குதல். மைக் செய்வது அதைத்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இந்தச் சொல் வேலைக்கும் வழிகாட்டும். வாங்கி என்று மனதில் பதிந்தவன் முதலில் கேட்பது 'இது எதை வாங்கப்போகிறது' என்பதுதான். எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. இரண்டுமே ஒலியைக் கண்ணாடிபோலத் திருப்பி அடிக்கும். அந்தக் கூடத்தில் நுட்பமான கண்டன்சர் மைக்கைத் தள்ளி வைத்தால் வீணையோடு சுவரையும் சேர்த்து வாங்கும். ஜமுக்காளத்தை விரித்து, மைக்கைக் கிட்டே கொண்டுவந்த பிறகுதான் விரல் மீட்டுவது தெளியும். நாதசுரத்துக்கு நேர்மாறு. கீழே அணசின், அதாவது விரிந்த அடிப்பகுதியின், வாய்க்குள் மைக்கை நீட்டுகிறார்கள். ஒலி அணசு வழியாக மட்டுமா வருகிறது? விரல் துளைகள் வழியாகவும்தான் வருகிறது. இரண்டு மூன்று அடி தள்ளி, துளைகளைப் பார்த்தாற்போல் வைத்தால் முழு நாதமும் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இணையக் கடை ஒன்றில் டைனமிக் மைக்கை 'ஆற்றல்மிக்க ஒலிபெருக்கி' என்று போட்டிருந்தார்கள். அந்த 'டைனமிக்' என்ற சொல், காந்தத்துக்குள் சுருள் அசைவதைக் குறிக்கிறது. 'அசைசுருள் ஒலிவாங்கி' என்றால் வேலை முடிந்தது. கண்டன்சரைச் 'சுருக்கி' ஆக்கியிருந்தார்கள். கண்டன்சர் என்பது கெபாசிட்டரின் பழைய பெயர், அதற்குப் பள்ளிப் பாடத்திலேயே மின்தேக்கி என்ற சொல் இருக்கிறது. அந்த மைக்குக்குக் கம்பி வழியே போகும் 48 வோல்ட்டை, அதன் ஆங்கிலப் பெயர் 'ஃபேன்டம் பவர்' என்பதற்காகப் 'பேய் மின்சாரம்' என்று எழுதியதைப் படித்தபோது வயிறு எரிந்தது. நாங்கள் "நாற்பத்தெட்டு போடு" என்போம், எல்லாருக்கும் புரியும். பொருளைக் கையில் தொட்டுப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டினால் இப்படித்தான் வரும். ஏ.வி.மெய்யப்பன் 1940களில் ஸ்டூடியோ நடத்திய காரைக்குடியில் மைக் பிடித்து வேலை பார்த்த கைகள் எத்தனையோ உண்டு. அவர்களைப் போன்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே!

பேச்சில் மைக் என்றே சொல்லுங்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன். மைக்செட்காரர் என்றுதான் ஊரில் என்னைத் தெரியும். தமிழில் எழுதுகிறோம் என்று எழுதும்போது மட்டும் தப்பான சொல்லை எழுதாதீர்கள்.

இப்போது ஆர்டர் எடுக்கும் தாளில் தனித்தனியாகக் கட்டம் போட்டு அச்சடித்துவிட்டேன்: ஒலிவாங்கி எத்தனை, எந்த வாத்தியத்துக்கு, ஒலிபெருக்கி எத்தனை. போன வாரம் பள்ளத்தூரிலிருந்து ஒரு தாள் நிரப்பி வந்தது. "ஒலிவாங்கி: நாதசுரம் 1, தவில் 2" என்று எழுதி, பக்கத்தில் 'வலந்தலை, தொப்பி' என்று தவிலின் இரண்டு முகங்களையும் குறித்திருந்தார்கள்.