'பாடி பாசிட்டிவிட்டி': உடலோடு ஓர் உடன்பாடு

இளையோருக்கான காதல் நாவல்களைப் பற்றி எழுதுவோர் 'பாடி பாசிட்டிவிட்டி' என்னும் தொடரை இப்போது அடிக்கடி கையாளுகிறார்கள். இந்திய மரபில் வளர்ந்த, உடல் பருத்த ஒரு பெண், மெலிந்த பிறகே காதலிக்கப்படுவாள் என்னும் நிபந்தனையின்றி, இருக்கும் உடம்போடேயே கதைத்தலைவியாகும் கதைகளுக்கு இது அடைமொழியாகிறது. பருமன், நிறம், உயரம், ஊனம் எதுவாயினும் எந்த உடம்பும் வெட்கத்துக்குரியதன்று என்பதே இதன் பொருள்.

தொடரின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1967இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் ஏறத்தாழ 500 பேர் திரண்டு, பருமனானோரை ஒதுக்குவதைக் கண்டித்து, மெலிவதற்கு வழி சொல்லும் நூல்களை எரித்தார்கள். 1969இல் பருமனானோருக்கென ஒரு சங்கம் உருவாயிற்று. 1996இல் 'தி பாடி பாசிட்டிவ்' என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு தோன்றியது. பின்னர் சமூக ஊடகங்கள் தொடரை உலகெங்கும் கொண்டுசென்றன.

தமிழில் இதை 'உடல் நேர்மறை' என்று பெயர்த்து எழுதுகிறார்கள். எனக்கு அதில் நிறைவில்லை. நன்னூல் கூறும் எண்வகை விடைகளில், 'ஆடுவாயா?' என்ற வினாவுக்கு 'ஆடுவேன்' என்பது நேர்விடை, 'ஆடேன்' என்பது மறைவிடை. அக்கணக்கில் 'நேர்மறை' என்பது 'ஆம்-இல்லை' என்று ஒரே மூச்சில் சொல்வதாகிவிடுகிறது. வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை நான் பிடுங்க வரவில்லை. ஆனால் எதிர்மறைக்கு எதிர்ச்சொல்லாக நம் இலக்கணம் வைத்திருக்கும் சொல் 'உடன்பாடு'. அதற்கு இசைவு, இணக்கம் என்ற பொருள்களும் உண்டு. ஆகவே 'உடல் உடன்பாடு' என்பது மூலத்தொடரின் கருத்தைத் தருவதோடு, தன் உடம்போடு ஒருத்தி இணங்கியிருப்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் பேச்சில் இந்தக் கருத்துக்கு இடமில்லாமல் இல்லை. கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு ஹட்டனில் பஸ்ஸிலிருந்து இறங்கி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வரும் பேத்தியை, அப்பாயி கன்னத்தைத் தடவி, "நல்லா பூசுனாப்புல வந்திருக்க தாயி" என்பாள். அதே வாசலில், அடுத்த காம்பராவிலிருந்து, "என்னா புள்ள, மூட்டையாட்டம் ஆயிட்ட?" என்ற குரலும் வரும். முதலாவது உடன்பாடு, இரண்டாவதற்கு 'உருவ எள்ளல்' என்று பெயரிடலாம். "உருவுகண்டு எள்ளாமை வேண்டும்" என்னும் 667ஆம் குறளில் அச்சொல்லின் இரு பாகங்களும் ஆயத்தமாகவே இருக்கின்றன.

காதலையும் உடம்பையும் பற்றிப் பேசும்போது காமன் கூத்தை விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் கொண்டுவந்து, தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடிவரும் கூத்து இது. சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த காமனுக்கு அனங்கன், உருவிலாளன் என்று பெயர். இரண்டுமே உடம்பற்றவன் என்பவை. காதலுக்கே அதிபதியானவன் உடம்பை இழந்து நிற்க, மரபாக ஆண் ஒருவர் வேடங்கட்டும் ரதி, அவனை மீட்டுத் தரும்படி புலம்புகிறாள்.

இத்தகைய நாவல்களைத் தமிழில் அறிமுகப்படுத்துவோர், 'தலைவி உடல் நேர்மறை கொண்டவள்' என்பதற்குப் பதிலாக, 'தலைவிக்குத் தன் உடம்போடு உடன்பாடு உண்டு' என்று எழுதிப் பார்க்கட்டும். அப்பாயிக்கும் அது விளங்கும்.