பாண்ட்: ஒரே ஒலியில் இரண்டு சொற்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு வாங்கியவரிடம் கடன் எவ்வளவு என்று கேட்பவர் குறைவு. "பாண்ட் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். நம்மவர் வாழும் சுற்றுப்பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் இதே பேச்சுதான். சென்னையிலிருந்து வரும் உறவினருக்கு இது விளங்குவதில்லை. அவரைப் பொறுத்தவரை பாண்ட் என்பது அரசோ கம்பெனியோ வெளியிடும் கடன் பத்திரம். அல்லது, வேலையில் சேரும்போது இத்தனை ஆண்டுக்குள் விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது.

தென்னாப்பிரிக்காவில் பாண்ட் என்பது கடன்தொகையைக் குறிப்பதாகவே பலரும் பேசுகிறோம். சட்டப்படி அது பணம் அன்று. பணத்துக்கு ஈடாக வீட்டைக் கட்டிவைக்கும் பதிவு. குவாசூலு-நட்டாலில் வீடு வாங்கினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள பத்திரப் பதிவகத்தில் இரண்டு பதிவுகள் நடக்கும்: வீடு உங்கள் பெயருக்கு மாறுவது ஒன்று, அதே வீடு வங்கிக்கு ஈடாவது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில் முடியும். கடைசித் தவணை கட்டிய பிறகும் அந்த இரண்டாவது பதிவை முறைப்படி நீக்க வேண்டும். இதனால்தான் 'வீட்டுக்கடன்' என்ற மொழிபெயர்ப்பில் எனக்கு நிறைவில்லை. அது பணத்தைச் சொல்கிறது, கட்டைச் சொல்லவில்லை. 'அடமானம்' இரண்டையும் சொல்கிறது. பதிவை நீக்குவதற்கு 'அடமானத்தை மீட்பது' என்ற தொடரும் நம்மிடம் தயாராக இருக்கிறது. 'ஒற்றி' பொருந்தாது. ஒற்றியில் கடன் கொடுத்தவர் சொத்தை அனுபவிப்பார். இங்கே நாம்தான் அந்த வீட்டில் குடியிருக்கிறோம்.

ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இதற்கு 'ஃபெர்பான்ட்' என்று பெயர். காயத்துக்குக் கட்டும் துணிக்கும் அதே சொல்தான். கட்டுதல் என்ற அடிப்பொருள் அதில் வெளிப்படையாகவே தெரிகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. தென்னாப்பிரிக்க அரசு பொதுமக்களுக்குச் சேமிப்பு பாண்ட் விற்கிறது. ஒரே குடும்பத்தில் வீட்டுக்கு ஒரு பாண்டும் சேமிப்புக்கு ஒரு பாண்டும் இருக்கலாம். முதலாவதில் அவர்கள் கடன்காரர்கள். இரண்டாவதில் அரசே அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. எழுதிக் கொடுப்பவர் கடன்பட்டவர், வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர் என்று நினைவில் கொண்டால் சிக்கல் தீரும். வீட்டை ஈடுவைத்து எழுதிக் கொடுப்பவர் நாம்; சேமிப்பில் எழுதிக் கொடுப்பது அரசு. இந்த இரண்டாம் வகைக்குக் 'கடன் பத்திரம்', 'சேமிப்புப் பத்திரம்' போதும். இலங்கைத் தமிழர் 'பிணைமுறி' என்கிறார்கள். முறி என்றால் எழுதிய ஆவணம் என்பது பழைய வழக்கு. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

இனி வேர். கட்டு என்ற பொருளில் வரும் பாண்ட், கட்டும் பட்டையைக் குறிக்கும் 'பேண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் இன்னொரு வடிவம்; கட்டுதலைக் குறிக்கும் 'பைண்ட்' அதற்கு உறவு. வடமொழியின் 'பந்த' என்ற வேரும் இதே குடும்பம். நாம் பந்தம், சம்பந்தம் என்று சொல்லும்போது அந்தத் தொலைதூர உறவினரைத்தான் உச்சரிக்கிறோம்.

ஆனால் அடிமைத்தனம் என்று பொருள்படும் 'பாண்டேஜ்' இந்த வேரில் பிறந்ததன்று. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'போண்டி' என்றால் நிலத்தில் குடியிருந்து உழுபவன், வீட்டுக்குரியவன். கணவனைக் குறிக்கும் 'ஹஸ்பண்ட்' என்ற சொல்லின் பின்பாதி அதுதான். தென்னாப்பிரிக்கர் நன்கறிந்த, உழவன் என்று பொருள்படும் 'போயர்' என்ற டச்சுச் சொல்லும் அதே வேர்வழி வந்தது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அங்கே உழவனின் நிலை தாழ்ந்தது. சொல்லும் பண்ணையடிமையைக் குறிக்கத் தொடங்கியது. ஒலி ஒத்திருந்ததால் பிற்காலத்தார் இதையும் கட்டு என்றே எண்ணிக்கொண்டார்கள். சொந்த வீட்டுக்காரனைக் குறித்த சொல் கட்டுண்டவனின் சொல்லாகிப் போனது கொடுமைதான்.

நம் முன்னோர் கதையை எழுதுபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நட்டாலுக்கு வந்து இறங்கியவர்கள், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவர்களை 'ஒப்பந்தக் கூலிகள்' அல்லது 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்பதே சரி. கடனால் கட்டுண்டவர்களைக் குறிக்கும் 'கொத்தடிமை' வேறு. இந்தியா 1976-இல் சட்டம் போட்டு ஒழித்தது அந்த முறையை. வேறுபடுத்திச் சொல்வதால் நட்டாலின் கொடுமை குறைந்துவிடாது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க நினைத்தவர்கள் மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுண்ட் வரி விதித்தது. அதைக் கட்ட முடியாமல் மீண்டும் கரும்புத் தோட்டத்துக்கே கையெழுத்திட்டவர்கள் உண்டு. அந்த வரி 1914-இல்தான் நீங்கியது.

ஆளையே எழுதிக் கொடுக்கும் ஓலை தமிழுக்குப் புதிதன்று. திருமண நாளில் சுந்தரரைத் தடுத்த முதியவர் நீட்டியது ஆளோலை; சுந்தரரின் பாட்டனார் தம் வழியினரை அடிமையாக எழுதிக் கொடுத்தது அது என்றார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். முதியவரோ திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையை எடுத்துவைத்தார். அவையினர் பாட்டனாரின் எழுத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். பாண்ட் என்ற ஆவணத்தின் எல்லா உறுப்புகளும் அந்தக் கதையில் இருக்கின்றன.

தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள பாண்ட் என்றால் பிணைப்பு, அல்லது பாசம். பாசம் என்பதும் முதலில் கயிறுதான். எமன் வீசுவதும் அதுதான், பதி, பசு, பாசம் என்று சைவர்கள் சொல்வதும் அதுதான். வேதியியலில் பிணைப்பு நிலைத்துவிட்டது: அயனிப் பிணைப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு. நீதிமன்றத்தில் பிணை, ஜாமீன் இரண்டும் வழங்குகின்றன. ஜாமீன் பத்திரம் என்றால் எல்லோருக்கும் புரியும். வரி கட்டும்வரை சரக்கை வைத்திருக்கும் சுங்கத்துறையின் பாண்ட் கிடங்கைப் 'பிணைக் கிடங்கு' எனலாம். செங்கல் அடுக்கும் முறைக்கும் பாண்ட் என்றே பெயர். மேல்வரிசை இணைப்பு கீழ்வரிசை இணைப்பின் நேர்மேலே வராதபடி மாற்றி அடுக்குவது அது. அதற்குக் 'கட்டு' என்ற சொல்லே போதும். முன்பு கடன் பத்திரம் அச்சிடப் பயன்பட்ட உறுதியான தாள்தான் இன்று நாம் கடையில் வாங்கும் பாண்ட் பேப்பர். அதை யாரும் தமிழாக்கிச் சிரமப்பட வேண்டியதில்லை.