நோயாளர்வழிக் கேள்வி

ஒரு நோயாளரைப் பார்க்கும்போது எழும் கேள்வியான ‘கிளினிக்கல் கொஸ்டியன்’ என்பதைத் தமிழில் ‘மருத்துவ வினா’ என்று எழுதிவிடுகிறோம். அதைப் படிக்கும் இலங்கை மலையகப் பிள்ளைக்கு வினாத்தாள்தான் நினைவுக்கு வரும். ‘கிளினிக்கல்’ என்பதன் வேர் கிரேக்கச் சொல்லான ‘கிளினே’. அதற்குப் படுக்கை என்று பொருள். படுக்கையில் கிடப்பவரை அருகிலிருந்து பார்ப்பதே ‘கிளினிக்கல்’ வைத்தியம். “இன்றைக்குக் கிளினிக்” என்று கொப்பியை எடுத்துக்கொண்டு லயத்திலிருந்து (தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளிலிருந்து) இறங்கும் பெண் சொல்வதும் அதே சொல்தான்.

அவள் கர்ப்பிணி, கொழுந்து பறிப்பவள். இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, “பிளேன்டீயோடு விழுங்கலாமா மிஸ்?” என்று, பாலில்லாத தேநீரைக் குறித்து, குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கிறாள். இதை ‘தேநீர் நல்லதா?’ என்று மாற்றிவிட்டால் எந்த ஆய்விலும் விடை தேட முடியாது. யாருக்கு? கர்ப்பிணிக்கு. எதைச் செய்தால்? மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினால். எதைவிட? தேநீரோடு விழுங்குவதைவிட. என்ன பலன்? இரும்பு உடலில் கூடுதலாகச் சேருமா? இப்படிப் பிரித்தால் விடை அகப்படுகிறது: தேயிலையின் பொலிஃபீனோல்கள் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன, தண்ணீரே நல்லது. ரிச்சட்சன் முதலியோர் 1995இல் எழுதிய கட்டுரை பரப்பிய இந்த நான்கு கூறுகளைத்தான் ‘பிக்கோ’ என்கிறார்கள்.

நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. ‘இரத்தசோகை என்றால் என்ன?’ என்பது அறியா வினா. பாடநூலே விடை சொல்லிவிடும். ‘தண்ணீரா, தேநீரா?’ என்பது ஐய வினா. ஆய்வுகளில் தேட வேண்டியது இதைத்தான். ‘எதைவிட’ என்ற கூறை விட்டுவிட்டால் ஐயமே உருவாகாது. மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதையே.

இப்படி ஆய்வுகளில் விடை தேடிச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் முறை, 1990களின் தொடக்கத்தில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து பரவிய ‘எவிடன்ஸ் பேஸ்ட் மெடிசின்’. அதைச் சிலர் ‘ஆதார மருத்துவம்’ என்கிறார்கள். இங்கே அது பொருந்தாது. மலையகத்தின் கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குப் போய்வரும் மக்களுக்கு ‘ஆதார’ என்பது வைத்தியசாலையின் தரநிலையை (‘பேஸ் ஹாஸ்பிடல்’) குறிக்கும் சொல். ‘சான்றுசார் மருத்துவம்’ என்றால் குழப்பமில்லை.

‘வினா’வைவிட எனக்குக் ‘கேள்வி’யே உகந்தது. ‘கேள்’ என்பதற்கு வினவு என்றும் பொருள், செவிகொடு என்றும் பொருள். திருக்குறளின் ‘கேள்வி’ அதிகாரம் பேசுவது செவியால் பெறும் அறிவைத்தான். ஆகவே ‘நோயாளர்வழிக் கேள்வி’ என்று எழுதுவோம். “மாத்திரையை எப்போது, எதோடு விழுங்குகிறீர்கள்?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தால்தான் அந்தப் பிளேன்டீ கோப்பை கேள்விக்குள் வரும்.