வின்சூக்கா: வீட்டில் அடையும் பூச்சியும் அதற்குரிய சொல்லும்

ஆன்டீஸ் மலைநாட்டுக் கெச்சுவா மொழியில் எறிதல், விழச்செய்தல் என்னும் பொருள் கொண்ட ஒரு வினையிலிருந்து ‘வின்சூக்கா’ என்ற பெயர் பிறந்தது என்பர். தன்னைத்தானே விழவிடுவது என்று அதற்குப் பொருள் கூறப்படுகிறது. பகலெல்லாம் ஓலைக்கூரையிலும் மண்சுவரின் வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் உறங்குபவர்மேல் கூரையிலிருந்து விழுந்து குருதி குடிக்கும் பூச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. அர்ஜென்டினா, பொலிவியா, சிலி ஆகிய நாடுகளின் ஸ்பானிய மொழி இதனை அப்படியே ஏற்றுக்கொண்டது. பிரேசிலில் வழங்கும் ‘பார்பேய்ரோ’ என்பதற்கு நாவிதர் என்று பொருள். போர்த்திக்கொண்டு உறங்குபவரின் முகம் மட்டும் வெளியே தெரிவதால் பூச்சி அங்கேதான் கடிக்கிறது. அதே முகக்கடியை ஆங்கிலம் முத்தமாக்கிவிட்டது. அதைப் பெயர்த்து ‘முத்தப்பூச்சி’ என்று எழுதுவது எளிது என்றாலும், ஒரு கொடிய பூச்சியைக் கொஞ்சுவது போன்ற அப்பெயர் தமிழுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ‘மூட்டைப்பூச்சி’ என்பதும் பொருந்தாது. அது சிறகில்லாத வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. வின்சூக்கா என்றே வைத்துக்கொள்வது நல்லது.

1909ஆம் ஆண்டு பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்து லசான்சே என்னும் சிற்றூரில், இவ்வகைப் பூச்சியின் குடலிலிருந்த ஒற்றைச்செல் உயிரியே மனிதரையும் நோயுறச் செய்கிறது என்று கார்லோஸ் சாகஸ் கண்டறிந்தார். தம் ஆசான் ஒஸ்வால்டோ குரூஸின் நினைவாக அதற்கு டிரிபனோசோமா குரூசி என்று பெயரிட்டார். நோய்க்கோ சாகஸின் பெயரே நிலைத்தது. கிருமி கடிவாயின் வழியே நேராக உட்செல்வதில்லை. குருதி குடிக்கும்போதோ குடித்து முடித்த பின்போ பூச்சி அங்கேயே கழிக்கும் எச்சத்தில் அது இருக்கிறது. அரிப்பெடுத்த இடத்தைச் சொறியும்போதும் அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கும்போதும் உடலுக்குள் புகுந்து, பல ஆண்டுகள் கழித்து ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதயத்தைப் பழுதாக்குகிறது. அதே 1909இல் சென்னையில் மருத்துவர் சார்லஸ் டோனவன், இப்பூச்சியின் உறவான, எலி நிறைந்த துறைமுக நகரங்களில் காணப்படும் வேறோர் இனம் கருங்காய்ச்சலை (காலா-அசார்) பரப்புவதாக ஐயுற்றார் என்பது இவ்வரலாற்றில் ஒரு வியப்பு. அந்த ஐயம் தவறாயிற்று. கருங்காய்ச்சலைப் பரப்புவது மணல் ஈ என்பது பின்னர் உறுதியாயிற்று.

வின்சூக்காவின் அறிவியற்பெயர் டிரையாடோமா இன்ஃபெஸ்டான்ஸ் என்பதாகும். பகைமை, தாக்குதல் ஆகிய பொருள்களையுடைய இலத்தீன் வேரிலிருந்தே அதன் பின்பாதி வருகிறது. வீட்டிலோ உடலிலோ பயிரிலோ உயிரிகள் புகுந்து பெருகுவதைக் குறிக்கும் ‘இன்ஃபெஸ்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரினது. இதனைத் ‘தொற்று’ என்று எழுதினால் பெருங்குழப்பம் நேரும். களப்பணியாளர் ஓர் ஊரை ஆய்வு செய்கையில் மூன்றைத் தனித்தனியே கணக்கிடுகின்றனர்: எத்தனை வீடுகளில் பூச்சி இருக்கிறது, அவற்றுள் எத்தனையில் இளம்பூச்சிகளும் இருந்து அது பெருகுவதைக் காட்டுகின்றன, பிடித்த பூச்சிகளுள் எத்தனை கிருமியைச் சுமக்கின்றன என்பவை அவை. மூன்றாவது மட்டுமே தொற்று. முட்டையிலிருந்து வெளிவரும் பூச்சியிடம் கிருமி இருப்பதில்லை; கிருமியுள்ள மனிதரிடமோ நாயிடமோ குருதி குடித்த பின்னரே அது கிருமி சுமப்பதாகிறது.

முதலாவதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. அரிசியில் வண்டு விழுகிறது, பண்டத்தில் ஈ மொய்க்கிறது, செடியைப் பூச்சி பிடிக்கிறது. ஆயினும் வீட்டைப் பொறுத்தவரை ‘அடைதல்’ என்பதே எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. வௌவால் அடைந்த மண்டபம் என்கிறோம், கோழி கூட்டில் அடைகிறது என்கிறோம். வந்து ஒண்டுவதும் ஒளிந்திருப்பதும் அச்சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே வீட்டில் பூச்சி இருப்பதைப் ‘பூச்சியடைதல்’ என்றும், அங்கேயே இனம்பெருக்குவதைப் ‘பூச்சி குடிகொள்ளுதல்’ என்றும் வழங்கலாம். கோழியைச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. பறவைகளை இக்கிருமி தொற்றுவதில்லை. ஆனால் வீட்டை ஒட்டிய கோழிக்கூடு பூச்சிக்குக் குருதியை வாரி வழங்குகிறது. தொற்றே இல்லாத இடத்தில் பூச்சி குடிகொண்டு பெருகும் இந்நிலையை ஒரே சொல்லால் எழுத முடியாது.

செய்தி எழுதுவோருக்கும் இவ்வேறுபாடு தேவைப்படுகிறது. தென் அமெரிக்காவின் தென்கோடி நாடுகள் ஆறு 1991இல் கூட்டு முயற்சி தொடங்கி, வீடுகளுக்கு மருந்து தெளித்து, குருதிக் கொடையைச் சோதித்து வந்ததன் பயனாக 1997இல் உருகுவேயும் 1999இல் சிலியும் 2006இல் பிரேசிலும் சான்று பெற்றன. அச்சான்று சொல்வது, டிரையாடோமா இன்ஃபெஸ்டான்ஸ் வழியாக நோய் பரவுவது தடைபட்டது என்பதை மட்டுமே. ‘பிரேசிலில் சாகஸ் நோய் ஒழிந்தது’ என்று அதனைத் தமிழில் எழுதினால், வேறு இனப் பூச்சிகள் அங்கு வீடுகளில் அடைவதும், முன்பே தொற்றுற்றவர்கள் இன்றும் இதய நோயோடு வாழ்வதும் அந்த ஒரு வரியில் மறைந்துபோகும்.