தோட்டா உறைக்கு அமோனியா ஏன் ஆகாது?

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டா உறைகளை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் வெளிப்புறம் மின்னுகிறது. உள்ளே அடியில் இருக்கும் கறுப்பு மட்டும் போகவில்லை. அமோனியா கலந்த பாலிஷ் போடலாமா?"

வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் கறையைப் பார்த்துவிடலாம். வெளியே பழுப்பேறியிருப்பது பெரும்பாலும் செம்பு, துத்தநாக ஆக்சைடுகள்தான். அமிலத்தில் கரைந்துவிடும். நீர்த்த கரைசலில் சில நிமிடங்கள் போதும். அதிகம் ஊறினால் பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும். உள்ளே இருப்பது வேறு. வெடிமருந்து எரிந்து படிந்த கரி அது. அதை இந்த அமிலம் ஒன்றும் செய்யாது, உரசித்தான் எடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரும் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளும் போட்டு, டம்ளர் எனப்படும் சுழலும் உருளையில் உருட்டினால் வந்துவிடும். வெடிமருந்தைப் பற்றவைக்கும் எரியூட்டிகள் பலவற்றில் ஈயச் சேர்மம் இருப்பதால் கையுறை அவசியம். தூசி பறக்காது என்பதற்காகவே ஈரமாகச் சுத்தம் செய்வதை நான் விரும்புகிறேன்.

சரி, அமோனியாவுக்கு வருவோம்.

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ராணுவத் தோட்டாக்களின் உறைகள் தாமாகவே விரிசல் விட்டுப் பிளந்தன. யாரும் சுடவில்லை, தட்டவும் இல்லை. பருவத்தை ஒட்டி நடந்ததால் 'பருவ வெடிப்பு', அதாவது பருவத்தில் வரும் விரிசல், என்றே பெயரிட்டார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1921-இல்தான் இதைத் தெளிவாக விளக்கினார்கள். குற்றவாளி, குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா.

ஆனால் அமோனியா மட்டும் போதாது, அதுதான் இதில் அழகு. தோட்டாப் பித்தளையில் செம்பு 70 சதவீதம், துத்தநாகம் 30 சதவீதம். தட்டையான வில்லையை அச்சில் அழுத்தி, நீட்டி நீட்டித்தான் உறையாக்குகிறார்கள். அந்த இழுவிசை உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அமோனியா செம்பை நீல நிறச் சேர்மமாகக் கரைக்கத் தொடங்கும். பித்தளையில் இந்த அரிப்பு, படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைக்கோடுகள் வழியே உள்ளே இறங்குகிறது. துணியில் சின்னதாகக் கத்தரித்துவிட்டு இருபுறமும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? அப்படித்தான் உள்ளிருக்கும் இழுவிசை அந்தக் கீறலை விரிக்கிறது. விரிந்த நுனியில் புது உலோகம் வெளிப்பட, அமோனியா மறுபடி அதைத் தின்கிறது. கரைவது துளி உலோகம்தான், மேற்பரப்பும் பளபளவென்றே இருக்கலாம். உறை மட்டும் பிளந்துவிடும்.

உறையின் கழுத்தை, அதாவது குண்டைப் பிடித்திருக்கும் வாய்ப்பகுதியை, சூடாக்கிப் பதப்படுத்துவது இந்த இழுவிசையைத் தளர்த்தத்தான். ஆனால் ஒவ்வொரு முறை சுட்டு, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போதும் கழுத்து மறுபடி இறுகுகிறது. ஆகவே மறுபடி நிரப்புபவர்கள்தான் இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

கிடங்கில் கிடக்கும் உலோகம் ஏன் பிளக்கிறது என்பது போன்ற ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கத் தயங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பளபளப்பையே தரம் என்று நம்புவதையும் விட்டுவிடலாம். அந்த வாசகருக்கு என் பதில்: ஊசி போட்டு உருட்டுங்கள், நன்றாக அலசி முழுக்கக் காயவையுங்கள். அப்புறமும் உள்ளே மெல்லிய கறுப்பு மிஞ்சினால் விட்டுவிடுங்கள், உறைக்கு அதனால் கெடுதல் இல்லை. கழுத்தில் மயிரிழை விரிசல் தெரியும் உறையை மட்டும் திரும்ப நிரப்பாதீர்கள்.